கூட்டு மாத்திரை உட்கொள்பவர் காதலியிடம் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லியாக வேண்டுமா?

நெய்தல்:
எனக்கு அறிமுகமான ஓர் இளைஞர் எச்.ஐ.வி. தொற்றுக்காக அரசு ஏ.ஆர்.டி. (வைரஸ் எதிர்ப்பு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மருந்து பெற்று வருகிறார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு வேளை. கடைசியாக எடுத்த பரிசோதனையில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்திருந்தது. அவர் ஒரு பெண்ணைக் காதலிக்கிறார். இரு வீட்டாரும் திருமணப் பேச்சைத் தொடங்கவிருக்கிறார்கள். “என்னால் அவளுக்குத் தொற்றாது என்று மருத்துவரே சொல்லிவிட்டார், பிறகு எதற்காகச் சொல்ல வேண்டும்?” என்று கேட்கிறார். தொற்றுமா தொற்றாதா என்பதற்கு அப்பாற்பட்டு, சொல்லியே ஆக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் காரணத்துடன் எழுதுங்கள்.

வழக்காடி:
மறுக்கிறேன். பார்ட்னர் என்ற ஐரோப்பிய ஆய்வின் முடிவுகள் 2016-இலும் 2019-இலும் வெளிவந்தன. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத இணையர்கள் ஆணுறையின்றிப் பல்லாயிரம் முறை உறவு கொண்டிருந்தும், சிகிச்சையால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தொற்றுள்ளவர் மீது விதிக்கும் கடமை, பரவலைத் தடுக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பதுதான். முன்கூட்டித் தெரிவிப்பது அத்தகைய வழிகளில் ஒன்றாகவே அதில் குறிப்பிடப்படுகிறது.

சொல்வதன் விலையையும் எண்ணிப் பாருங்கள். 1995-இல் உறவினரின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னையில் ரத்தம் கொடுக்க முன்வந்த நாகாலாந்து மருத்துவர் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிந்து, செய்தி வெளியே கசிந்து, நிச்சயித்த திருமணம் நின்றது. ஊரார் ஒதுக்கியதால் அவர் சொந்த ஊரையே விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் தொடுத்த வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம், அவருடைய ரகசியத்தைவிட மணப்பெண்ணின் உயிருக்கான உரிமையே மேலானது என்று தீர்ப்பளித்தது. அன்று கையில் பயனுள்ள மருந்து பரவலாக இல்லை என்பதால் அந்தத் தீர்ப்பில் ஒரு நியாயம் இருந்தது. இன்றைய நிலைமையில் அதே அளவுகோலை நீட்டுவது சரியல்ல.

மருந்தாக்கன்:
நான் மாத்திரை வடிவமைப்புத் துறையில் வேலை செய்பவன். காதலில் எது நேர்மை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் வழக்காடி அவர்களின் வாதம் முழுவதும் ‘வைரஸ் அடங்கியிருக்கும்’ என்ற ஒரே தூணின் மேல் நிற்கிறது. மறைத்து வைக்கும் பழக்கமே அந்தத் தூணை அரிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

இந்த ரகசியம் சாத்தியமானதே கூட்டு மாத்திரை வந்த பிறகுதான். முன்பெல்லாம் கைநிறைய மாத்திரைகளை வேளைக்கு வேளை விழுங்க வேண்டியிருந்தது. அதை ஒரே வீட்டில் யாரிடமிருந்து மறைக்க முடியும்? 2001-இல் சிப்லா நிறுவனம் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றையும் ஒன்றாக்கி, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் தர முன்வந்தது. மேலை நாடுகளில் அம்மூன்றின் காப்புரிமையும் வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்ததால் அங்கே யாரும் அவற்றை ஒன்றுசேர்க்கவில்லை. இந்தியாவில் அப்போது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. அந்த மாத்திரையிலேயே கூட்டு மருந்தின் சிக்கல் தெரிந்துவிட்டது. நெவிரபினை முதல் இரண்டு வாரம் பாதி அளவில் கொடுத்துத்தான் உயர்த்த வேண்டும், இல்லையென்றால் தோல் தடிப்பும் கல்லீரல் பாதிப்பும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒன்றாக இறுக்கிய மூன்றில் ஒன்றை மட்டும் பாதியாக்க வழியில்லை. ஆகவே தொடக்க நாட்களுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது.

இன்றைய மாத்திரைக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் அது டோலுடெகிராவிரைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடுவதால், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெகிராவிர் தனியாகப் போட வேண்டும். வெறும் வயிற்றில் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெகிராவிர் அந்த உலோகத்துடன் பிணைந்துகொண்டு ரத்தத்தில் சரியாகச் சேராது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டுக்கும் இதே கதைதான்: அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் பின்னதாகவோதான் மாத்திரையைப் போட வேண்டும். விவரம் தெரியாத மனைவி அக்கறையோடு கரண்டியில் ஊற்றிக் கொடுக்கும் மருந்தைக் கணவர் என்ன சொல்லி மறுப்பார்?

அடுத்தது புட்டி. டெனோஃபோவிர் ஈரப்பதம் பட்டால் சிதையும் தன்மை உடையது. அதனால்தான் மூடிக்குக் கீழே ஈரமுறிஞ்சிப் பொட்டலம் கிடக்கிறது. மறைக்க நினைப்பவர் முதலில் லேபிளைக் கிழிக்கிறார், பிறகு மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவிலோ காகிதப் பொட்டலத்திலோ மாற்றி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைக்கிறார். கடலோர ஊர்களின் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு எங்கள் வழக்கமான நிலைப்புத்தன்மைச் சோதனையில் விடை இல்லை, ஏனென்றால் நாங்கள் சோதிப்பது மூடிய புட்டியில் இருக்கும் மாத்திரையைத்தான்.

வழக்காடி:
மருந்தாக்கன் ஐயா சொல்வது பொட்டலமிடும் முறைக்கு எதிரான வாதமாக எனக்குப் படுகிறதே தவிர, மௌனத்துக்கு எதிரானதாகப் படவில்லை. ஓசை எழாத, பெயர் அச்சிடாத அட்டையில் கொடுங்கள். மாத்திரையே வேண்டாத வழியும் இருக்கிறதே. கபோடெகிராவிர், ரில்பிவிரின் இரண்டும் சேர்ந்த நீண்டகால ஊசிக்கு அமெரிக்காவில் 2021-இல் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

மருந்தாக்கன்:
அந்த ஊசியில் ரில்பிவிரினைக் குளிர்பதனத்தில் வைத்தாக வேண்டும். ஊசியை நிறுத்தினாலும் மருந்து ஓராண்டுக்கும் மேலாக உடலில் சிறிது சிறிதாகத் தங்குவதால், இடையில் விட்டவருக்கு மருந்து எதிர்ப்புத்தன்மை கொண்ட வைரஸ் உருவாகும் ஆபத்து இருக்கிறது. இவருக்குக் கிடைப்பதோ அரசு மையத்தின் மாத்திரை. கிடைக்காத ஊசியை வைத்து அவருடைய திருமணத்தை முடிவு செய்ய வேண்டாம்.

பாலைத்திணை:
நான் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவள். இதுவரை பேசியவர்கள் ஆணை மட்டுமே மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்குத்தான் முதலில் தெரியவரும். கணவன் பரிசோதனைக்கே வராமல், ‘உன்னால்தான் வந்தது’ என்று அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அதனால்தான் அடி, கைவிடல் போன்ற அபாயம் இருக்கும் என்று அஞ்ச இடமுள்ள பெண்ணுக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. ‘சொல்லியே ஆக வேண்டும்’ என்று நெய்தல் அவர்கள் எழுதுவதை அந்தப் பெண்ணிடமும் சொல்வாரா?

இந்த இளைஞரைப் பொறுத்தவரை, பேச்சு நிச்சயதார்த்தம் வரை போவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் மட்டும், நேரில், வைரஸ் அளவு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லட்டும். இரு வீட்டாருக்கும் தெரிய வேண்டும் என்பதில்லை. வேண்டுமானால் அவள் ஆலோசகரிடம் தனியாகக் கேள்வி கேட்கட்டும். 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்த மருத்துவர் சுனிதி சாலமன், பிற்காலத்தில் தொற்றுள்ளவர்களுக்கு வரன் பார்த்துத் திருமணம் செய்து வைத்தார். இரு தரப்புக்கும் விவரம் தெரிந்தே அமைந்த திருமணங்கள் அவை.

நெய்தல்:
அடி விழும் என்று அஞ்சும் பெண்ணிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். அவள் மறைப்பது உயிரைக் காத்துக்கொள்ள. என் நண்பருக்கு அந்த அச்சம் இல்லை, அவள் மறுத்துவிடுவாளோ என்ற அச்சம்தான் இருக்கிறது. மறுக்கும் உரிமை அவளுக்கு இருக்கக்கூடாது என்று அவராகவே தீர்மானிப்பதை எப்படி ஏற்பது? வாழ்நாள் முழுவதும் மருந்து, கருத்தரிக்கும் காலத்தில் கூடுதல் கவனம், ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஓயாத பயணம் ஆகியவற்றில் அவளும் பங்காளி ஆகப் போகிறாள். ஒருநாள் துணிகளுக்கு அடியில் அந்தப் பொட்டலம் அவள் கையில் கிடைத்தால், தொற்றவில்லை என்ற ஆய்வு முடிவைக் காட்டி அவளைச் சமாதானப்படுத்திவிட முடியும் என்று வழக்காடி நம்புகிறாரா?

வழக்காடி:
முடியாதுதான். ஆனால் மனவருத்தம் தருவது வேறு, சட்டக் கடமையை மீறுவது வேறு. பின்னது இங்கே இல்லை என்பதிலிருந்து நான் நகரவில்லை. ஆலோசகர் தாமாகத் துணையிடம் சொல்ல வேண்டுமானால்கூட, தொற்றும் ஆபத்து கணிசமாக உண்டு என்று அவர் நம்ப வேண்டும், நோயாளிக்கு முதலில் ஆலோசனை தர வேண்டும், அவர் சொல்ல மாட்டார் என்பது உறுதியாக வேண்டும், சொல்லப்போவதை அவருக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். அடங்கிய வைரஸ் அளவுக்கான அறிக்கை இருக்கும்போது முதல் நிபந்தனையே நிறைவேறுவது கடினம்.

பாலைத்திணை:
அந்த அறிக்கை எந்த மாதத்தியது? வைரஸ் அடங்கிய நிலை குறைந்தது ஆறு மாதம் நீடித்த பிறகுதான் ‘தொற்றாது’ என்று உறுதியளிக்கிறோம்.

நெய்தல்:
கிட்டத்தட்ட ஓராண்டு பழையது. அடுத்த பரிசோதனைக்கு மையத்திலிருந்து அழைத்திருக்கிறார்கள், இவர் இன்னும் போகவில்லை. பெண் வீட்டார் வருவதற்கு முன் போய் வரச் சொல்கிறேன். மாத்திரையைப் புட்டியிலேயே வைத்திருக்கிறாரா என்றும் கேட்கிறேன்.