சாது என்றால் அமைதியானவரா, ஒன்றும் செய்ய முடியாதவரா?

தூண்டில்காரன்:
"சாது" என்ற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறோம். சண்டை தெரிந்தும் போடாதவரும் சாது, சண்டை போடத் துப்பில்லாதவரும் சாது. கடிக்கப் பல் இருந்தும் கடிக்காமல் இருப்பதுதான் அமைதி. பல்லே இல்லாதவன் "நான் யாரையும் கடிப்பதில்லை" என்றால் அதில் என்ன பெருமை? என் கட்சி இதுதான்: முதலில் பலம், பிறகுதான் அமைதி. மறுப்பவர்கள் வரலாம். "சாது மிரண்டால்" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

மழைமானி:
"துப்பில்லாதவர்" என்ற சொல் உறுத்துகிறது. என் பெரியம்மாவைச் சொந்தக்காரர்கள் எல்லாருமே சாது என்பார்கள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு விடுமுறைக்கு அங்கே தங்கியபோதுதான் கவனித்தேன். பெரியப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே டிவி சத்தத்தைக் குறைப்பார். அடுத்து வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக நேராக்குவார், ஏற்கெனவே நேராக இருந்தாலும். வண்டியை நிறுத்தும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார். அவரால் யாருக்கும் தீங்கில்லை, சரி. ஆனால் அமைதி? மருந்துக்குக்கூட இல்லை. ஆக, இரண்டும் வேறுவேறு என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அவரிடமே போய், "உங்களுக்குப் பல் இல்லை, அதனால் உங்கள் பொறுமை கணக்கில் வராது" என்று சொல்வீர்களா?

தூண்டில்காரன்:
அவரைக் குறை சொல்லவில்லை சகோதரி. அவருடைய பயத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்துப் பாராட்டினார்களே, அவர்களைச் சொல்கிறேன். அந்தப் பாராட்டுதான் அநியாயத்துக்கு முட்டுக்கொடுத்தது. கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் வன்முறையைத்தான் சொல்வேன் என்று காந்தியே 1920இல் தன் 'யங் இந்தியா' வார இதழில் எழுதினார். நாடுகளிலும் இதே கதைதான். மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிகா 1948இல் ராணுவத்தையே கலைத்தது என்று மெச்சுவார்கள். கலைத்த ஹோசே ஃபிகெரெஸ் அதே ஆண்டு உள்நாட்டுப் போரில் ஆயுதம் ஏந்தி ஜெயித்தவர் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆந்தைக்கண்:
காந்தியைப் பாதியில் மூடிவைத்துவிட்டீர்கள். அதே கட்டுரையில் அடுத்தாற்போல, வன்முறையைவிட அகிம்சை எவ்வளவோ மேல் என்கிறார். பலம் உடம்புத் தெம்பிலிருந்து வருவதில்லை, அசையாத மன உறுதியிலிருந்து வருகிறது என்றும் சொல்கிறார். நீங்கள் பலத்தைப் பல்லோடு முடிச்சுப் போடுகிறீர்கள், கோளாறு அங்கேதான்.

அமெரிக்காவில் மான்ட்கமரி ஊரின் பேருந்துப் புறக்கணிப்பை எடுங்கள். பேருந்தில் கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து நடந்தது. 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள். பேருந்தை மறிப்பது, கல்லெறிவது எதுவும் திட்டத்திலேயே கிடையாது. ஏறுவதில்லை, அவ்வளவுதான். வேலைக்கு நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த ஊர்ப் பேருந்துப் பயணிகளில் சுமார் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அவர்கள் இறங்கிவிட்டால் கல்லாவில் என்ன மிஞ்சும்? அரசுத் தரப்பு 1921ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தது. சட்டபூர்வமான தொழிலுக்கு இடைஞ்சல் செய்யக் கூட்டுச் சேர்வது குற்றம் என்கிற சட்டம். அதன்படி 1956 மார்ச்சில் போராட்டத்தை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங்குக்கு 500 டாலர் அபராதம். பல்லில்லாத சாதுக்கள் மேல் யாராவது வழக்குப் போடுவார்களா?

தூண்டில்காரன்:
நல்ல உதாரணம். ஆனால் அந்தக் கிங் வீட்டில் துப்பாக்கி இருந்தது தெரியுமா? 1956 ஜனவரியில் வீட்டின் மேல் எதிரிகள் குண்டு வீசிய பிறகு துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பமே போட்டார். மறுத்துவிட்டார்கள்.

ஆந்தைக்கண்:
தெரியும். பிறகு துப்பாக்கியே வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்பதும் தெரியும். வீட்டில் அது இருந்த நாட்களில்தான் பயம் அதிகம் என்று பிற்பாடு அவரே எழுதினார். உங்கள் கணக்குப்படி அது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

நாலாம்பேர்:
பல், பல் என்று படிக்கப் படிக்க எனக்கே பல் கூசுகிறது :) ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் ஆள் வாட்டசாட்டம். ஜென்மத்தில் யாரையும் அடித்ததில்லை, கத்தினதும் இல்லை. அலுவலகக் கூட்டத்தில் நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாலே பேச்சு நின்றுவிடும். ரொம்ப நாள் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். வேலையை விட்டுப் போன தம்பி ஒருவன் கடைசி நாளில்தான் சொன்னான், "உங்களிடம் ஒரு தப்பைச் சொல்லவே ரெண்டு நாள் ஒத்திகை பார்ப்போம்ணே" என்று. பலமும் இருந்தது, கடிக்கவும் இல்லை. தூண்டில்காரன் இலக்கணத்தில் நான் முதல் மார்க். அந்தப் பையன் என்ன மார்க் போட்டிருப்பான்?

மழைமானி:
இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பெரியப்பாவும் கை ஓங்கினதே இல்லை. அவரையும் "அமைதியான மனுஷன்" என்றுதான் சொல்வார்கள்.

தூண்டில்காரன்:
என் இலக்கணம் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது எனக்கே பிடிக்கவில்லை. பலம் வேண்டும் என்பதை விட மாட்டேன். உங்கள் பெரியம்மாவுக்கு அது இல்லாமல் போனதுதான் பிரச்சினை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பலம் இருந்து, கையை மடக்கி வைத்திருந்தால் போதும், அதுதான் அமைதி என்று எழுதினேனே, அது நிற்காது போலிருக்கிறது. எதிரில் இருப்பவர் செருப்பை நேராக்கிக்கொண்டு இருக்கிறாரே.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தச் செருப்பு விஷயம் பெரியப்பாவுக்குத் தெரியுமா?

மழைமானி:
யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும்தான்.