மறு: ரீஅலைன்மென்ட் – ‘அணி மறுபகுப்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்பால் கட்டுரையில் வரும் ‘ரீஅலைன்மென்ட்’ (realignment) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘மறுசீரமைப்பு’ போதும் என்று முந்தைய மடலில் நண்பர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சாலையைச் சீரமைக்கிறோம், நிர்வாகத்தைச் சீரமைக்கிறோம். கெட்டுப்போனதைச் சரிசெய்வது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டே வரும். இங்கே எந்த அணி எந்தப் பிரிவில் என்பதை மட்டும்தான் மாற்றி வகுக்கிறார்கள். அதனால் ‘அணி மறுபகுப்பு’ என்று முன்மொழிகிறேன். விக்கிப்பீடியாவில் ‘பகுப்பு’ வேறு பொருளில், கட்டுரைகளின் வகைப்பாடு என்று, வருகிறதே என்று கேட்கலாம். முன்னால் ‘அணி’ நிற்பதால் குழப்பம் வராது.

வட அமெரிக்காவின் முதன்மையான பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கில் இப்போது 30 அணிகள். அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீக்குகளிலும் கிழக்கு, மத்திய, மேற்குப் பிரிவுகள். அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டும்போது ஊர்களின் அருகாமையைப் பார்த்துப் பிரிவுகளை வகுத்தால் வீரர்களின் பயண அலைச்சல் குறையும் என்று மேஜர் லீக் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் 2025இல் பேசினார்.

அந்த அலைச்சல் சாதாரணமானது இல்லை. ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களில் பாதி வெளியூரில். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டிலின் பிரிவிலேயே டெக்சாஸ் மாநிலத்தின் இரண்டு அணிகளும் இருக்கின்றன. அதில் ஹூஸ்டன் 2012 வரை நேஷனல் லீக்கின் மத்தியப் பிரிவில் ஆடியது. லீக்குக்கு 15 அணிகள் என்று சமன்செய்ய, 2013இல் அதை அமெரிக்கன் லீக்கின் மேற்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். சியாட்டிலில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஹூஸ்டன் ரசிகருக்கு இரவு 9 மணி ஆட்டம். பள்ளிக்குப் போகும் பிள்ளை எப்படி முழுதாகப் பார்க்கும்?

பழைய கதை இன்னும் விநோதம். 1969இல் பிரிவுகள் வந்தபோது நேஷனல் லீக்கில் அட்லாண்டாவும் சின்சினாட்டியும் மேற்கில். அவற்றுக்கும் மேற்கே இருக்கும் செயின்ட் லூயிஸும் சிகாகோவும் கிழக்கில்! 1993 வரை அப்படியேதான் ஓடியது.

ஹூஸ்டனுக்கு நடந்ததை மறுபகுப்பு என்று சொல்ல வேண்டாம், ‘பிரிவு மாற்றம்’ போதும். எல்லா அணிகளையும் கலைத்து வகுத்தால்தான் மறுபகுப்பு.

‘பிரிவு’க்குப் பதில் ‘மண்டலம்’ வைக்கலாம் என்ற யோசனை இப்போதைக்குச் சரிவராது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தின் டாட்ஜர்ஸ் நேஷனல் லீக் மேற்கில், ஏஞ்சல்ஸ் அமெரிக்கன் லீக் மேற்கில். மேற்கு மண்டலம் என்றால் எந்த மேற்கு? ஆனால் கொரோனா ஆண்டான 2020இல் சுருக்கிய பருவத்தின் 60 ஆட்டங்களையும் லீக் வேறுபாடு பாராமல் கிழக்கு கிழக்கோடும் மேற்கு மேற்கோடும் ஆடி முடித்தார்கள். மான்ஃப்ரெட் சொல்வதும் அந்தத் திசையில்தான் போகிறது. ஆகவே அவர் திட்டத்துக்கு மட்டும் ‘மண்டலவாரி மறுபகுப்பு’ என்று எழுதலாம்.

அப்புறம், கலைச்சொல் பட்டியலில் ‘பயணச்சுமை’ இருக்கட்டும். கட்டுரைக்குள் ‘அலைச்சல்’ என்றே எழுதுவோம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.