கண்ணி கழற்றும் முன் ஒரு கேள்வி: விலை உயர்ந்த வாட்ச் வாங்கிய அனுபவங்கள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நல்ல சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்தேன். போன தை மாதம் சென்னையில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். இரண்டுமே கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவை. எம்ஆர்பி 2,80,000 ரூபாய். ஜிஎஸ்டி எல்லாம் அதற்குள் அடக்கம், தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. முதல் கடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. இரண்டாவது கடையில் அரை மணி நேரம் பேசியதில் 8 சதவீதம் படிந்தது. 2,57,600 ரூபாய். பான் எண்ணைக் கேட்டார்கள், 2 லட்சத்தைத் தாண்டினால் கேட்பார்கள். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவதற்குச் சட்டம் இடம் தராது என்பதால் கார்டில் கட்டினேன்.

விலையைப் பற்றி அவ்வளவு பேசிய நான், பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று மட்டும் கேட்கவில்லை.

அளவுக்காக அப்பாவின் பழைய வாட்ச்சைக் கொண்டு போயிருந்தேன். கடைக்காரத் தம்பி புது வாட்ச்சை ஒரு வெல்வெட் தட்டில் வைத்து, ஊசி போன்ற ஸ்க்ரூ டிரைவரால் செயினிலிருந்து மூன்று கண்ணிகளைக் கழற்றிச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார். பின்மூடியில் ஒட்டியிருந்த மெல்லிய தாளை நகத்தால் நெம்பி உரித்தார். வாரண்டி கார்டில் தேதி போட்டு முத்திரை வைத்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கடைக்காரர்கள் கணக்கில் அந்தப் பத்து நிமிடத்தோடு அது புது வாட்ச் இல்லை. இதை நான் மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா கட்டிப் பார்த்தார். 42 மில்லிமீட்டர் டயல் மணிக்கட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு நின்றது. "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா கனமா இருக்கு, எழுதும்போது மேஜையில இடிக்குது" என்றார். என் மனம் நோகக் கூடாது என்று இரண்டு நாள் கட்டிக்கொண்டும் இருந்தார். அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருந்தது. வேறு வாட்ச் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் 15 சதவீதம் கழிப்போம் என்றார். அதாவது 38,640 ரூபாய். தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைப் போல ஒன்றே முக்கால் மடங்கு! வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். கடைக்கு நேரில் போய்ப் பார்த்து வாங்கிய பொருளை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்க நம் ஊரில் உரிமை கிடையாது. கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தால்தான் உண்டு. பொருளில் குறை இருந்தால் கதையே வேறு என்றார். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

* * *

அண்ணா, உங்கள் நண்பர் சொன்னது சரி. எனக்கு நடந்தது அந்த 'வேறு கதை'தான். கோயம்புத்தூரில் 1,90,000 ரூபாய்க்கு வாங்கிய வாட்ச் பன்னிரண்டாம் நாளிலிருந்து தினமும் நான்கு நிமிடம் பின்னால் ஓடியது. சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். புது வாட்ச்சை ஆறு வாரம் ரிப்பேருக்குக் கொடுக்கவா அவ்வளவு பணம் கட்டினோம்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்றே சொல்லியிருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். நான் தினமும் காலையில் வாட்ச்சையும் போன் மணியையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்து வைத்திருந்தேன். 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்து, கடைக்கு நோட்டீஸும் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. அங்கே போகும் வேலை வரவில்லை. மூன்றாவது வாரம் வேறு வாட்ச் கொடுத்தார்கள். வாரண்டி கார்டில் புதுத் தேதி போடச் சொல்லி வாங்குங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

* * *

சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கும் பிடிக்கவில்லை என்றால் கடை மனம் வைத்தால்தான் உண்டு. குறை என்றால் 2012 முதல் சட்டம் நம் பக்கம். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு.

திருச்சியிலிருந்து வந்த மாமா இங்கே ஒரு வாட்ச் வாங்கினார். சுற்றுலா வருபவர்களுக்கு 9 சதவீத ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும், ஆனால் கையாளும் கட்டணம் போக. அவர் முழு 9 சதவீதத்தையும் கழித்து ஊர் விலையோடு ஒப்பிட்டு வைத்திருந்தார். ஊரில் இறங்கியதும் கட்ட வேண்டிய சுங்க வரி அந்தக் கணக்கிலேயே இல்லை. அதையும் சேர்த்தபோது சென்னை விலையே தேவலை என்று ஆனது.

* * *

லண்டனிலிருந்து ஒரு வரி. இங்கே ஆன்லைனில் வாங்கினால், கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ஆனால் கடையில் பார்ப்பது போலப் பார்க்கலாமே தவிர அதற்கு மேல் போனால் பணத்தில் பிடிப்பார்கள். அதனால் நான் தாளை உரிக்காமல், செயினைக் கழற்றாமல், கையில் வைத்து மட்டும் பார்த்தேன். பிடிக்கவில்லை, அனுப்பினேன், முழுப் பணமும் வந்தது.

* * *

எல்லோருக்கும் நன்றி. அந்த மூன்று கண்ணிகளையும் மறுபடி பூட்டி இப்போது நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா தன் பழைய எச்எம்டி ஜனதாவுக்கே திரும்பிவிட்டார். காலையில் காபிக்கு முன் அதற்குச் சாவி கொடுப்பது அவருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

அவருக்கு வேறொன்று பார்க்க வேண்டும், அவசரம் இல்லை. சுவிட்சர்லாந்து இருக்கும் எஃப்டா என்ற ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்போடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சுவிஸ் வாட்ச் மீதான சுங்க வரி படிப்படியாகத்தான் குறையும், எம்ஆர்பியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறேன். அடுத்த தையில் 36 மில்லிமீட்டரில் ஒன்று. இந்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.