ஞானப்பல் எடுத்த பிறகு உதடு மரத்துப் போனவர்கள் உண்டா?

மாட்டுங்காக்காரன்:
கீழே இடது பக்கம், படுத்துக் கிடந்த பல். வயது 38. எடுத்து எட்டாம் நாள், ஸ்டேஷன் வாசலில் கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் "பாயீ, ஷர்ட் தேக்கோ" என்றார். குனிந்தால் பாக்கெட் வரை டீ. உதட்டோரம் வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை. வேர் நரம்புக் குழாய்மேல் உட்கார்ந்திருந்ததை டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டத்தான் செய்தார். "மரத்துப் போகலாம்" என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். ஐந்து மாதம் ஆகிறது. ஷேவ் செய்யும்போது வெட்டினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. யாருக்காவது உணர்வு திரும்பியதா?

தாராவித் தம்பி:
எனக்கு டிரை சாக்கெட். மூன்றாம் நாள் ஒரே ஒரு சிகரெட். மறுநாள் ராத்திரி வலி காதுக்குள் போய்க் குடைந்தது. ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு தெரிகிறது என்றார்கள். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் மருந்து வைத்த பிறகுதான் மூச்சே வந்தது.

செம்பூர் அக்கா:
ஒரே ஒரு சிகரெட்டா? நம்பிவிட்டேன் தம்பி. என் மகளுக்கு 21இல் எடுத்தோம், நாலு நாளில் இட்லி சாப்பிட்டாள். 38 வரை விட்டால் வேர் முழுக்க வளர்ந்து எலும்பும் இறுகிவிடும், அப்புறம் சிக்கல்தான். இனி எடுக்கப் போகிறவர்கள் கேளுங்கள். சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி, எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வேர் நரம்பை ஒட்டியிருந்தால் சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே, கேளுங்கள். சிலருக்கு மேல்பாகத்தை மட்டும் வெட்டி, வேரை அப்படியே விட்டுவிடுவார்கள். காய்ச்சலோடு விழுங்க முடியாமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முலுண்ட் பையன்:
அக்கா, எனக்கு 23தான். நாக்கு நரம்பு அடிபட்டு, மூன்று மாதம் ரசம் ஒரு பக்கம்தான் புளித்தது. அந்தப் பல் வலிக்கவே இல்லை, "எப்படியும் எடுக்க வேண்டியதுதானே" என்றார்கள். தொந்தரவு தராத ஞானப்பல்லைத் தொட வேண்டாம் என்று இங்கிலாந்தில் 2000இலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டார்கள். சின்ன வயதில் எடுத்தால் சரி என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எனக்கு அப்புறம் திரும்பிவிட்டது.

மாட்டுங்காக்காரன்:
திரும்பும் முன் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததா? நேற்றிலிருந்து தாடையில் ஏதோ சுருக் சுருக்கென்கிறது.