எம்.எஸ்., என்.எம்.ஓ., மாக்: உங்கள் தண்டுவடத்தில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்தது?

முதல் பதிவு

எனக்கு முதலில் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையான மயலினைத் தாக்கும் நோய்) என்றுதான் சொன்னார்கள். மார்புக்குக் கீழே பட்டை போட்டு இறுக்கிக் கட்டின மாதிரி ஒரு பிடிப்பு, அதற்குக் கீழே முழுக்க மரத்துப்போய், சில நாளில் இரண்டு காலும் துவண்டு, சிறுநீர் தானாக வராமல் டியூப் போடும் நிலைக்கு வந்துவிட்டேன். எம்.ஆர்.ஐ.யில் கழுத்துத் தண்டுவடத்தில் வெள்ளையாக நீண்ட தழும்பு, மூளையில் ஒன்றிரண்டு புள்ளிகள். அதை வைத்து எம்.எஸ். என்று முடிவு செய்து, ஸ்டீராய்டு முடிந்ததும் இன்டர்ஃபெரான் ஊசி ஆரம்பித்தார்கள். சில மாதத்தில் அடுத்த தாக்குதல் வந்தது. முதல் முறையைவிட மோசம், இந்தத் தடவை ஒரு கண்ணும் சேர்ந்து மங்கிவிட்டது.

இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர் ஸ்கேனைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டார்: “இதுக்கு முன்னாடி எப்பவாவது விக்கல் நிக்காம வந்துச்சா? காரணமே இல்லாம வாந்தி?” வந்திருந்தது. கால் மரத்துப்போவதற்கு வெகு நாள் முன்னால், நாள்கணக்கில் விக்கல், தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. வயிற்று டாக்டர் எண்டோஸ்கோபி வரைக்கும் செய்து பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார், அப்புறம் அது தானாக அடங்கிவிட்டது. அதையும் காலையும் சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? டாக்டர் பழைய மூளை ஸ்கேனைத் திரையில் போட்டு, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன வெள்ளைத் தடத்தைப் பேனா முனையால் காட்டினார். வாந்தியைத் தூண்டும் இடம் அதுதானாம். என்.எம்.ஓ. (நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா; கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) சிலருக்கு அங்கேதான் முதலில் கை வைக்கும் என்றார்.

என்.எம்.ஓ.வுக்கு அடையாளமான அக்வாபோரின்-4 ஆன்டிபாடி (சொந்த உடம்பையே தாக்கும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் என்று வந்தது. எம்.எஸ். மருந்துகளில் சில, அதாவது இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்றவை, என்.எம்.ஓ.வை மோசமாக்கக்கூடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது ரிடுக்சிமாப் எடுக்கிறேன், அதற்குப் பிறகு தாக்குதல் வரவில்லை, ஆனால் அந்த இரண்டாவது தாக்குதலில் போன கண் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. உங்களுக்கு எப்படிக் கண்டுபிடித்தார்கள், எந்தக் கட்டத்தில் பெயர் மாறியது? எழுதுங்கள். புதிதாக வருகிற ஒருவருக்காவது சீக்கிரம் தெரியட்டும்.

—

ஒரு அம்மா எழுதுகிறேன்

அக்கா, நீங்கள் விக்கலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் பையனுக்கு வந்தது வேறு. காய்ச்சல், தலைவலி, தூக்கம் தூக்கமாக இருந்தான், பேச்சு குழறியது, அப்புறம் நடக்க முடியவில்லை, சிறுநீரும் நின்றுவிட்டது. மூளையில் அங்கங்கே மேகம் மாதிரிப் படர்ந்த வெள்ளைத் திட்டுகள், ஏடெம் (மூளையிலும் தண்டுவடத்திலும் திடீரென்று பரவலாக வரும் அழற்சி) என்றார்கள். தண்டுவடத்தைத் தனியாக எடுத்தபோது நீளமான வீக்கம், அடிநுனி வரைக்கும். ஸ்கேன் எடுத்த டாக்டர் குறுக்குவெட்டுப் படத்தில் நடுவில் இருக்கிற சாம்பல் பகுதி மட்டும் ‘எச்’ எழுத்து வடிவில் பளிச்சென்று தெரிவதைக் காட்டி, மாக் ஆன்டிபாடி (மயலின் உறையில் இருக்கும் மாக் என்ற புரதத்தைத் தாக்குவது) பார்த்துவிடுங்கள் என்று அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பாசிட்டிவ், அதுவும் அளவு அதிகம்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், ஸ்டீராய்டு கொடுத்துக் கொஞ்ச காலம் கழித்து மறுபடி எடுத்த ஸ்கேனில் அவ்வளவு பெரிய வீக்கம் சுத்தமாகக் காணோம். எம்.எஸ்.ஸில் தழும்பு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும், மாக் நோயில் நிறைய பேருக்கு முழுசாக மறைந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். முதல் தாக்குதலோடு நின்றுவிடுகிற பிள்ளைகளும் நிறைய இருப்பதால் உடனே வருஷக்கணக்கில் மருந்து என்று ஆரம்பிக்கவில்லை. ஸ்டீராய்டை மட்டும் மெதுவாகக் குறைத்தார்கள். மாக் நோயில் சட்டென்று நிறுத்தினால் திரும்பி வரலாம் என்பதால் அந்தக் குறைக்கும் அட்டவணையில் கறாராக இருந்தார்கள். பையன் ஓடுகிறான். சிறுநீர் விஷயம் மட்டும் இன்னும் கொஞ்சம் தகராறு.

—

நரம்பியல் மருத்துவராக இருப்பவன்

இரண்டு பதிவும் படித்தேன். இந்த மூன்று நோயும் ஒன்றையொன்று போலத் தோன்றுவதற்கு வரலாறே சாட்சி. டெவிக் 1894-ல் கண்ணும் தண்டுவடமும் சேர்ந்து பாதிக்கும் நோயை விவரித்த பிறகு, நூறு வருஷத்துக்கும் மேல் இது எம்.எஸ்.ஸின் ஒரு வகையா தனி நோயா என்ற விவாதம் ஓயவில்லை. 2004-ல் ஆன்டிபாடி கிடைத்தது, அடுத்த வருஷமே அது தாக்குவது அக்வாபோரின்-4 என்ற நீர்வழிப் புரதம் என்று தெரிந்தது. அது இருப்பது மயலினில்கூட இல்லை, ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களில், மயலின் அழிவது அதன் பின்விளைவு. மாக் நோய்க்கென்று சர்வதேச வரையறை வந்ததே 2023-ல்தான். அதற்கு முன்னால் பெயர் வாங்கியவர்கள் தங்கள் பெயரை ஒருமுறை திரும்பக் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

பொதுவாக நாங்கள் பார்ப்பது இது. எம்.எஸ். தழும்பு குட்டையாக, இரண்டு முதுகெலும்பு நீளத்துக்குள், ஓரமாகவோ பின்பக்கமோ இருக்கும். என்.எம்.ஓ.வில் மூன்றோ அதற்கு மேலோ, நடுவில், தண்டு வீங்கி. ஆனால் இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வதுதான் ஆபத்து. மிகச் சீக்கிரம் எடுத்தாலோ, குணமாகும்போது எடுத்தாலோ என்.எம்.ஓ. தழும்பும் குட்டையாகத் தெரியும். எம்.எஸ்.ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நாலைந்து சின்னத் தழும்புகள் சேர்ந்து ஒரே நீளத் தழும்பு போலக் காட்டும். படம் எந்த நாளில் எடுத்தது என்று கேட்காமல் நீளத்தை மட்டும் அளப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. முதுகுத் தண்டு நீரில் ஆலிகோகுளோனல் பட்டைகள் (அங்கேயே உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களின் அடையாளம்) எம்.எஸ். உள்ள பெரும்பாலானவர்களிடம் இருக்கும், மற்ற இரண்டிலும் குறைவு. அதுவும் ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

ஆன்டிபாடி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டியது: அக்வாபோரினை ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும், செல் பேஸ்டு அஸே முறையில், அதாவது செல்களின் மேல் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கும் முறையில். எலைசா என்ற இன்னொரு முறையில் குறைந்த அளவு பாசிட்டிவ் வந்தால் அது பொய்யாகவும் இருக்கலாம். ரத்தம் எடுப்பது முடிந்தவரை பிளாஸ்மா மாற்றுக்கு (ரத்தத்தின் நீர்ப்பகுதியை ஆன்டிபாடிகளோடு எடுத்து மாற்றும் சிகிச்சை) முன்னால் நடக்க வேண்டும். நெகட்டிவ் வந்து, ஆனால் நோய் என்.எம்.ஓ. போலவே நடந்தால், 3 முதல் 6 மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மாக் விஷயத்தில் தலைகீழ்ப் பிரச்சினை. எம்.எஸ். போலவே தெளிவாக இருக்கிற எல்லாருக்கும் மாக் பார்க்க அனுப்பினால், குறைந்த அளவில் பொய்ப் பாசிட்டிவ் நிறைய வரும், நன்றாகப் போய்க்கொண்டிருந்த எம்.எஸ். சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள். குறைந்த அளவு என்றால் ‘எச்’ வடிவம், அடிநுனி பாதிப்பு போன்ற ஆதரவு அடையாளங்களும் வேண்டும் என்று வரையறையே சொல்கிறது. ஒரு காகிதத்தில் பாசிட்டிவ் என்று இருப்பதால் ஒருவரின் நோய் மாறிவிடாது.

இன்னொன்று, வேகம். அழற்சியால் வரும் பலவீனம் 4 மணி நேரத்திலிருந்து 21 நாளுக்குள் உச்சத்தைத் தொடும். நிமிடங்களில் கால் விழுந்தால் தண்டுவடத்துக்கு ரத்தம் தடைப்பட்டதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் அது வேறு கதை.

—

அந்த வேறு கதை என் அப்பாவுடையது

டாக்டர் சொன்ன கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். அப்பாவுக்குக் கால் பலவீனம் மெதுவாகத்தான் வந்தது. நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். ஸ்கேனில் நீளமான வெள்ளை, மயலைட்டிஸ் (தண்டுவட அழற்சி) என்றார்கள், இரண்டு ஆன்டிபாடியும் நெகட்டிவ். சரி, ஆன்டிபாடி இல்லாத வகையாக இருக்கும் என்று ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஏற்றிய அன்றே கால் இன்னும் மோசமாகிவிட்டது. அப்போது இருந்த இளம் கதிரியக்க டாக்டர் ஒருவர் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்து, தண்டுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருப்பதைக் கவனித்தார். வீங்கிய சிரைகள். ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களின் படம்) எடுத்ததில் டியூரல் ஃபிஸ்டுலா, தமனியும் சிரையும் தப்பாக இணைந்திருந்தது. அறுவை சிகிச்சையில் அதை அடைத்தார்கள். மயலின் நோயே இல்லை! வயதானவர், மெதுவாக வந்த பலவீனம், ஸ்டீராய்டுக்குப் பிறகு மோசம் என்றால் தயவுசெய்து இதைக் கேளுங்கள். பி12, காப்பர் குறைவும் தண்டுவடத்தில் இதே மாதிரி காட்டும் என்றார்கள், அது வெறும் ரத்தப் பரிசோதனைதான்.

—

இன்னும் பெயர் இல்லாதவள்

எனக்கு அக்வாபோரின் நெகட்டிவ், மாக் நெகட்டிவ், தண்டு நீரில் அந்தப் பட்டைகளும் இல்லை. ஒரே ஒரு தாக்குதல். “டிரான்ஸ்வெர்ஸ் மயலைட்டிஸ், காரணம் தெரியவில்லை” என்று சீட்டில் இருக்கிறது. குடும்பத்தில் எல்லாரும் எம்.எஸ்.ஸா என்று கேட்கிறார்கள், பதில் சொல்லத் தெரியவில்லை. மருந்து எதுவும் இல்லாமல் ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படி இருப்பதே பயமாக இருக்கிறது.

—

முதல் பதிவு போட்டவள்

தோழி, தப்பான பெயரோடு தப்பான மருந்து எடுத்த காலத்தைவிட, உங்களைப் போலப் பெயர் இல்லாமல் கண்காணிப்பில் இருந்திருந்தால் என் கண் ஒருவேளை தப்பியிருக்கும். உங்கள் டாக்டர் தெரியாததைத் தெரியாது என்றே எழுதியிருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆன்டிபாடிக்கு ரத்தம் எடுத்தது ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றுக்கு முன்னாலா பின்னாலா, எந்த முறையில் பார்த்தார்கள் என்பதை அறிக்கையில் தேடிப் பாருங்கள். பின்னால் எடுத்திருந்தால் திரும்பப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முதல் ஸ்கேனின் சி.டி.யைப் பத்திரமாக வையுங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. கண் வலித்தாலோ, நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ, விக்கல் நிற்காமல் போனாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.