பின் பம்பர்: முழுக்க 6 மி.மீ. தகடா, 4 போதுமா?

கரட்டுப்பாதை:
ஏணி சேஸிஸ் (அடியில் ஏணி வடிவ இரும்புச் சட்டம்) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி. கம்பெனி பின் பம்பர் மெல்லிய தகடு, அதன் மேல் பிளாஸ்டிக் மூடி. பாறைப் படியில் இறங்கும்போது இடது மூலை மடங்கி டெயில் லேம்ப் வரை ஏறிவிட்டது. இனி இரும்பில் நானே செய்வதாக முடிவு. முழுவதும் 6 மி.மீ. தகடு, முகப்பில் ரெண்டு ஷாக்கிள் காது (மீட்புக் கயிற்றின் இரும்பு வளையம் மாட்டத் துளையிட்ட தகடு), ஸ்டெப்னியைத் தாங்க பக்கவாட்டில் திறக்கும் ஒரு கை. அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்தாயிற்று, வடிவம் சரியாக உட்காருகிறது. தகடு வெட்டுவதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

அச்சாணி:
6 வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 6 மி.மீ. கனத்தில் சுமார் 47 கிலோ, 4 மி.மீ. என்றால் 31 கிலோ. 1.6 மீட்டர் நீள பம்பருக்கு மேல், கீழ், முகப்பு, மூலை எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே தகடு போகும். கையையும் டயரையும் சேர்த்தால் பின்பக்கம் தொங்கும் எடையை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த எடை உட்காரும் இடம்தான் மோசம். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 60 கிலோ கூடுகிறது, இரண்டு அச்சுக்கும் நடுவே 2.5 மீட்டர் என்று வைப்போம். பின் அச்சில் ஏறுவது 60 அல்ல, 84 கிலோ. மிச்ச 24 கிலோ முன் சக்கரத்திலிருந்து போகிறது. மேடு ஏறும்போது முன் டயர் பிடிப்பை இழப்பதும், பின் ஸ்பிரிங் தாழ்ந்து போவதும் இதனால்தான்.

இரும்புப்பட்டறை:
கணக்கு சரிதான் சார். ஆனால் பாறை கணக்குப் பார்த்து இடிப்பதில்லை. படியிலிருந்து நழுவும்போது வண்டியின் பின்பாரம் முழுக்க ஒரே மூலையில், உள்ளங்கை அகல இடத்தில் விழும். 3, 4 மி.மீ. தகடு அங்கே குழிந்துவிடும். குழிந்த தகட்டைத் தட்டி எடுக்கும் வேலையைத் தினமும் பார்க்கிறேன். இன்னொன்று, மெல்லிய தகடு வெல்டிங் சூட்டில் நெளியும். 6 மி.மீ. நின்ற இடத்தில் நிற்கும்.

அச்சாணி:
மூலைக்கு 5 போடுங்கள், உள்ளே விலா (தாங்கு தகடு) வையுங்கள் என்கிறேன். தட்டையான தகடாக மட்டும் பார்த்தால் 4-ஐ விட 6 மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு, மறுக்கவில்லை. கனத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். ஆனால் பம்பரை யாரும் தட்டையாக விடப்போவதில்லை. கீழ் விளிம்பை உள்பக்கம் 40 மி.மீ. மடித்து, மூலைக்குள் குறுக்காக ஒரு முக்கோணத் தகட்டை வெல்டு செய்தால் அந்த இடம் தானாகவே விறைப்பாகிவிடும். எடையைத் தேவையான இடத்தில் வைக்கலாம், முகப்பு முழுக்க ஏன் சுமக்க வேண்டும்?

அப்புறம் வெல்டிங். தம்பி, உங்கள் மெஷின் எத்தனை ஆம்பியர்? 1 மி.மீ.க்கு ஏறக்குறைய 40 ஆம்பியர் என்பது பட்டறை வழக்கம். 6 மி.மீ. தகட்டுக்கு 240 ஆகிறது. வீட்டில் வைத்திருக்கும் சின்ன மெஷினில் மேலே அழகாகக் கோடு விழும், உள்ளே இறங்கியிருக்காது.

இரும்புப்பட்டறை:
விளிம்பைச் சரிவாகத் தேய்த்து ரெண்டு மூணு பாஸாக (அடுக்காக) நிரப்பினால் சின்ன மெஷினிலும் இறங்கும். கருப்புச் செதிலைக் கிரைண்டரில் எடுத்து வெள்ளை இரும்பு தெரியணும், அவ்வளவுதான். நிதானம் இருந்தால் முடியும். 6-ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தினப்பயணி:
எத்தனை மி.மீ. என்று பேசுகிறீர்கள், இது தேவையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனி பம்பர் மெல்லிசாக இருப்பது கஞ்சத்தனத்தால் மட்டுமல்ல. பின்னாலிருந்து ஒருவர் இடித்தால் அது நசுங்கும், அந்தத் தூரத்தில் வேகம் கொஞ்சம் தணியும். நசுங்காத பெட்டியைச் சேஸிஸில் நேராக இறுக்கினால் அதே அதிர்ச்சி இருக்கைக்கும் கழுத்துக்கும் வருகிறது. இடித்தவரின் வண்டிக்கு என்ன ஆகும் என்பது வேறு. இந்த வண்டி மலையில் மட்டுமா ஓடப்போகிறது? பள்ளி வாசலிலும் மார்க்கெட்டிலும் ரிவர்ஸ் எடுக்கும் வண்டிதானே?

இரும்புப்பட்டறை:
ஏணி சேஸிஸ் வண்டியில் கம்பெனி பம்பருக்குப் பின்னால் விரலளவு இடைவெளிதான், அதற்குப் பின் சேஸிஸ் முனை. பெரிய இடியில் அது எவ்வளவு தாங்கும்?

தினப்பயணி:
பெரிய இடியைப் பற்றிப் பேசவில்லை. தினமும் நடக்கும் சின்ன இடியைச் சொல்கிறேன். குழந்தையின் முழங்கால் உயரத்தில் வெட்டிய தகட்டு முனை நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். கார்களின் வெளிப்புற நீட்டல்களுக்கான ஐ.நா. விதி 26 முனைகளுக்குக் குறைந்தது 2.5 மி.மீ. வளைவு கேட்கிறது. வெட்டி அப்படியே விட்ட தகட்டில் அது வராது. செய்தே தீருவேன் என்றால் முனைகள் அத்தனையையும் உருட்டுங்கள், அகலம் டயரைத் தாண்டக் கூடாது. ரிவர்ஸ் சென்சாருக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் இடம் விடுங்கள். செய்யவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மீட்புக்கயிறு:
கனத்தைப் பற்றி இத்தனை பேச்சு, உயிரை எடுக்கக்கூடிய இடத்தை யாரும் தொடவில்லை. ஷாக்கிள் காது.

முகப்புத் தகட்டின் மேல் காதை ஒட்டவைத்து வெல்டு செய்தால் கயிறு இழுக்கும்போது அது தகட்டை உரித்துக்கொண்டு வரும். தகடு 4 ஆனாலும் 6 ஆனாலும் கதை அதேதான். முகப்பில் பொளி (நீளத் துளை) வெட்டி, காதை உள்ளே செலுத்தி, வெளியிலும் உள்ளிலும் வெல்டு செய்து, அதன் வால் சேஸிஸ் பிடிமானத் தகட்டோடு சேர வேண்டும். விசை காதிலிருந்து சேஸிஸுக்கு நேராகப் போகணும், பம்பர் தோல் அதற்கு இடையில் வரவே கூடாது.

19 மி.மீ. வில் ஷாக்கிளின் வேலைப் பாரம் (பாதுகாப்பாகத் தாங்கும் எடை) 4.75 டன், அதன் ஊசி 22 மி.மீ. காதுக்கு 20 முதல் 25 மி.மீ. கனம், துளை ஊசியை விட ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் பெரிது. துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது துளையின் விட்டமளவு இரும்பு மிஞ்சட்டும்.

அடுத்தது போல்ட். உங்கள் சேஸிஸ் முனை பெட்டி வடிவமா? அப்படியானால் குறுக்கே துளைத்து போல்ட்டை இறுக்கும்போது பெட்டியின் பக்கங்கள் உள்வாங்கும். போல்ட் இறுகியதுபோல் தெரியும், கொஞ்ச நாளில் தளரும். பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய குழாயைத் துளைக்குள் நிறுத்தி, அதன் வழியாக போல்ட் போக வேண்டும். தலையில் 10.9 தரம் (உயர் வலிமை) குத்திய எம்12 (12 மி.மீ.) போல்ட், பக்கத்துக்கு நாலாவது வேண்டும்.

டிரெய்லர் மாட்டும் இழுவை உருண்டையில் மீட்புக் கயிறு மாட்டவே வேண்டாம். நீளும் கயிறு சக்தியைச் சேமித்து வைக்கும், உருண்டை முறிந்தால் அது குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்து வரும். இதனால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

கரட்டுப்பாதை:
எல்லோருக்கும் நன்றி. மெஷின் 160 ஆம்பியர். சேஸிஸ் முனை பெட்டிதான், குழாய் போடுகிறேன். காதை உள்ளே செலுத்தும் விதத்தில் படத்தை மாற்றிவிட்டேன். முகப்பும் மேல்பக்கமும் 4 மி.மீ., மூலையும் அடியும் 5, உள்ளே விலா. பட்டறை அண்ணா மன்னிக்கணும்.

தினப்பயணி சொன்ன முனை, அகலம், சென்சார் மூன்றையும் ஏற்கிறேன். செய்யாமல் விடுவதை மட்டும் ஏற்க முடியாது. கம்பெனி பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து 50 செ.மீ., பின் டயர் தரை தொடும் இடத்திலிருந்து 90 செ.மீ. பின்னால். டயர் வளைவைக் கணக்கில் எடுக்காமல் நேர்கோடாகப் பார்த்தால், பின்பக்கம் தரையில் இடிக்காமல் கடக்கக்கூடிய சரிவு 29 டிகிரி. அடியை 65 செ.மீ.க்கு ஏற்றினால் 36 டிகிரி ஆகிறது. எனக்கு வேண்டியது அந்த 7 டிகிரி.

அச்சாணி:
மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கை? டயரை நடுவில் தொங்கவிட்டுத் திறந்தால் மொத்த பாரமும் ஒரே கீலில். சாதாரணக் கீல் தேய்ந்து தொங்கும். கீலுக்குப் பதில் கூம்பு உருளை பேரிங் ரெண்டு வைத்த டிரெய்லர் ஹப்பை (சக்கரம் மாட்டும் சுழலும் நடுப்பகுதி) போடுங்கள். மூடிய நிலையில் கை ஒரு தாங்கியின் மேல் ஏறி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கரடில் கடகடவென்று அடித்துப் பூட்டை உடைக்கும். முதலில் கை இல்லாமல் ஓட்டிப் பாருங்கள் என்பேன்.

இரும்புப்பட்டறை:
அண்ணாவிடம் மன்னிப்பு எதற்கு, வண்டி உங்களுடையது. 4 என்று முடிவானால் ஒன்று செய்யுங்கள். வண்டியில் வைத்தே புள்ளி வெல்டு பிடியுங்கள், பிடிமானத் தகடுகளை போல்ட்டில் இறுக்கிய பிறகு. அப்புறம் கழற்றி, ரெண்டு பிடிமானத்துக்கும் நடுவே ஒரு கோணக் கம்பியைத் தற்காலிகமாக வெல்டு செய்து, பக்கம் மாற்றி மாற்றி விரல் நீளமாகப் போடுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் வளைந்துவிடும், திரும்ப போல்ட் துளை சேராது.

வண்டியில் வெல்டு செய்யும்போது பேட்டரி ஒயரைக் கழற்றணும், எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்தில் இருக்கணும், பெட்ரோல் டேங்க் எங்கே என்று பார்க்கணும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரில் தகட்டைத் துடைக்காதீர்கள். ஆர்க் வெளிச்சத்தில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும்.

மீட்புக்கயிறு:
அடியில் தண்ணீர் வடியத் துளை விடுங்கள், ஒவ்வொரு விலாவுக்கும் ஒன்று. இறுக்கிய போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயிண்டில் கோடு போடுங்கள். முதல் கரட்டுப் பயணம் முடிந்ததும் கோடு நகர்ந்த போல்ட்டைக் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள்.