டிராக்டர் பூம் வைத்துக் கல்தூண் தூக்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. புடலைப் பந்தலுக்கு 9 அடி கல்தூண் நட வேண்டும். அரையடிச் சதுரத் தூண் ஒன்றே 170 கிலோ வருகிறது. ஆளை விட்டுத் தூக்கினால் யார் காலாவது நசுங்கிவிடும். 45 எச்.பி. டிராக்டரின் மூணு பாயிண்ட் லிங்கேஜில் (பின்னால் கலப்பை மாட்டும் மூன்று கைகள்) மாட்டும்படி பட்டறையில் ஒரு பூம் (கொக்கி தொங்கும் நீளத் தூக்குக் கை) அடிக்கலாம் என்றிருக்கிறேன்.

டிராக்டரின் லிஃப்ட் (தூக்கும் திறன்) 1500 கிலோ என்பது கீழ் லிங்க் (கீழ்க் கை) முனைக்கான கணக்கு. ஆறடி தள்ளிக் கொக்கி போட்டால் அவ்வளவு தூக்காது, முன்சக்கரமும் எழும்பப் பார்க்கும். ஓட்டப்போவது என் தம்பி, அதனால்தான் பயம்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: பைப் என்ன கனம் போட்டீர்கள்? முன்னால் எத்தனை கிலோ வெயிட் வைத்தீர்கள்? டாப் லிங்க்கை (மேல் கையை) மாட்டும் பின் ஆணி தாங்கியதா? தூண் ஊஞ்சலாடாமல் வரப்பு தாண்டியது எப்படி? கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கம் யாரிடமாவது இருந்தால் நேரிலேயே வந்து பார்த்துக்கொள்கிறேன்.